நியமக் கண்

நாகலெட்சுமிக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தில் பேசி முடிவாகிப் பல மாதங்கள் ஆன பிறகுதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

திமிருக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இது திமிர் இல்லை, கண் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். நேரே பார்த்தால் எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் தலைத்துண்டு என்ன நிறம் என்றுகூடச் சொல்லிவிடுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் தெரியவில்லை. மனிதர்கள் மண்ணிலிருந்து முளைத்தமாதிரி திடீரென்று முன்னால் நின்றார்கள். அதற்குள் அவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிப்புக்குப் பதில் வராமல் முகம் சுண்டிப்போயிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நடந்தது சர்மிளா வீட்டுச் சடங்கு. சர்மிளா லயத்து வரிசையில் அடுத்த காம்பராக்காரி, இடையில் ஒரு சுவர்தான். மகள் பெரியவளான சடங்குக்கு வாசலோரம் சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத் தட்டோடும் நின்றவள், "வாங்கக்கா" என்று தட்டை நீட்டினாள். ஸ்பீக்கர் சத்தத்தில் நாகலெட்சுமிக்கு அது கேட்கவில்லை. தட்டும் தெரியவில்லை, தட்டைப் பிடித்திருந்தவளும் தெரியவில்லை. நேரே நடந்துபோய் உள்ளே உட்கார்ந்துவிட்டாள். முழு லயமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"மக குவைத்துல சம்பாதிக்குதுல்ல, நம்ம சந்தனம் மணக்காது" என்று யாரோ சொன்னார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் குடத்தோடு பீலிக்குப் போனால் அங்கே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். புருஷன் மாயாண்டி இருந்திருந்தால் அவராவது இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அவர் செத்துச் சில வருசமாகிவிட்டது. மகள் ஜீவராணி வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். மற்ற நாட்களில் ரேடியோ பேசும், இவள் கேட்பாள்.

ஆகவே கண் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு டொக்டர் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள். கண் போய்விடுமே என்ற பயம் இருந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் இருந்தது.

கண் கிளினிக்கில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் அழுத்தம் பார்க்கும் மிஷின். அழுத்தம் கூடியவர்கள் மட்டும் டொக்டரிடம் போகலாம். சரியாக இருப்பவர்கள் வீட்டுக்குப் போகலாம். இப்படி ஒரு விதி வந்ததிலிருந்து டொக்டரிடம் ஒருவரும் போகவில்லை. டொக்டரும் நிலைமையைப் புரிந்துகொண்டு வருவதைக் குறைத்துக்கொண்டார். அவருடைய அறைக்கதவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

ஷாமிலா என்ற நர்ஸ், நாகலெட்சுமியின் தாடையை மிஷினின் தாங்கியில் வைத்து, நெற்றி பின்னால் போகாமல் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ண மூடாதீங்கம்மா. காத்து ஒண்ணு அடிக்கும், பயப்படாதீங்க."

புஸ் என்று காற்று கண்ணில் அடித்தது. நாகலெட்சுமி திடுக்கிட்டாள். ஆனால் அவள் கவனம் காற்றில் இல்லை. பின்தலையில் இருந்த அந்தக் கை சூடாக இருந்தது. தன் தலையை ஒருவர் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

"பதினாறு" என்றாள் ஷாமிலா. "நல்ல கண். போயிட்டு வாங்க."

"மிஸ், பக்கத்துல நிக்கிறவங்க தெரிய மாட்டேங்குறாங்க."

"அழுத்தம் நோர்மல்தானே அம்மா. விதிப்படி டொக்டர்கிட்ட அனுப்ப ஏலாது."

அடுத்த கிளினிக்குக்கும் நாகலெட்சுமி போனாள். பதினாறு. அதற்கடுத்ததற்கும் போனாள். பதினாறு. கண் கெட்டிருக்கிறது என்று சொல்வார்களோ என்ற நம்பிக்கையில் போனாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தலையைப் பிடிக்கிற அந்தக் கைக்காகவும் போனாள்.

ஷாமிலாவுக்குச் சந்தேகம் வந்தது நாகலெட்சுமியால் அல்ல. ஒருநாள் சின்ன வயதில் கண் போய் கண்ணாடிக் கண் வைத்திருந்த ஒரு பெரியவர் வந்தார். தவறுதலாக அந்தக் கண்ணில் காற்று அடித்துவிட்டது. மிஷின் யோசிக்காமல் பதினாறு என்றது.

அவள் மேலே முறையிட்டாள். அவள் முறையிட்ட இடத்துக்கு மலைநாட்டுக் கண் அழுத்த அளவை நியமப் பிரிவு என்று பெயர். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் அழுத்த மிஷின்கள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே உண்டாக்கப்பட்டது. அங்கிருந்து உடனே பதில் வந்தது. மிஷினின் பக்கவாட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சை ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றாள். அப்படியானால் மிஷின் சரி என்றார்கள். கண்ணாடிக் கண்ணுக்குப் பதினாறு காட்டுகிறதே என்றாள். அப்படியானால் அந்தக் கண்ணாடிக் கண் நல்ல நிலையில் இருக்கிறது என்றார்கள்.

அவள் விடவில்லை. கடைசியில் பிரிவே கிளம்பி வந்தது. இரண்டு வேன், ஒரு பதாகை, ஒரு குத்துவிளக்கு, ஓர் ஒலிபெருக்கி. அன்று கிளினிக் நாள் என்பதால் நோயாளிகள் எல்லோரும் கூட்டமாக உட்கார வைக்கப்பட்டார்கள். பிரதிப் பணிப்பாளர் சுதாகரன் விளக்கேற்றிவிட்டுப் பேசினார். நல்ல குரல்.

"இந்த மிஷின் எல்லோருக்கும் பதினாறு காட்டுகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், ஏழை பணக்காரன், தோட்டம் டவுன் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது குறையா? எங்கள் பிரிவு தொடங்குவதற்கு முன்னால் இந்த மலைநாட்டில் எத்தனை பேருக்குக் கண் அழுத்தம் கூடியிருந்தது தெரியுமா? இன்று ஒருவருக்கும் இல்லை! மருந்தால் முடியாததை நாங்கள் அளவையால் செய்திருக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்களா என்று தெரியாததால் நாகலெட்சுமி கொஞ்சம் கூடுதலாகவே தட்டினாள். சுதாகரன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு சோதனை. இந்த மிஷின்களைச் சோதிக்க வெளிநாட்டிலிருந்து வந்த ரப்பர் கண் ஒன்று பிரிவிடம் இருந்தது. அதன் அழுத்தம் இன்னது என்று முன்கூட்டியே தெரியும். மிஷின் அதே அளவைக் காட்டினால் மிஷின் சரி. வெல்வெட் பெட்டியைத் தட்டில் வைத்து ஏந்திவந்தார்கள். டெக்னீசியன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு திறந்தான். திறந்தவன் மூடிவிட்டான். மறுபடி திறந்தான். நுவரெலியாக் குளிருக்கு ரப்பர் கண் பூஞ்சணம் பூத்து, வெடித்து, காய்ந்த நெல்லிக்காய் மாதிரி கிடந்தது.

"இது எப்ப கடைசியாத் தொறந்தது?" என்று ஷாமிலா கேட்டாள்.

"திறந்தால் பழுதாகிவிடும் என்று திறப்பதில்லை" என்றார் சுதாகரன்.

புதுக் கண் வாங்க வேண்டுமென்றால் பழைய கண் பழுது என்று நிரூபிக்க வேண்டும். பழுது என்று நிரூபிக்கச் சரியான மிஷின் ஒன்றில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மிஷின் சரியானது என்று தெரிய வேண்டுமென்றால் புதுக் கண் வேண்டும். இதைப் பற்றிப் பிரிவு அங்கேயே தேநீர் குடித்தபடி ஆலோசித்தது. ரப்பர் கண் இல்லாவிட்டால் மனிதக் கண்ணை வைத்துச் சோதிப்போம் என்று முடிவாயிற்று. எத்தனை தரம் அளந்தாலும் மாறாத கண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளினிக் பதிவேட்டில் அப்படி ஒரு கண் இருந்தது, நாகலெட்சுமியின் கண்.

"சேர், அந்த மிஷின்ல எல்லாருக்கும் பதினாறுதானே வருது" என்று ஷாமிலா சொல்லிப் பார்த்தாள்.

"மற்றவர்களுக்கு ஒருமுறை பதினாறு. இந்த அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் பதினாறு. இதற்குப் பெயர்தான் நிலைத்தன்மை." சுதாகரன் நாகலெட்சுமியின் முன்னால் வந்து கைகூப்பினார். "அம்மா, உங்கள் கண் இந்த மாகாணத்துக்குத் தேவைப்படுகிறது."

நாகலெட்சுமி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "தோண்டி எடுத்துருவீங்களாங்க சேர்?"

"இல்லையம்மா. அது உங்கள் முகத்திலேயே இருக்கட்டும். பாதுகாக்கும் பொறுப்பு மட்டும் எங்களுடையது."

அன்று பிற்பகல் நாகலெட்சுமி, மிஷின்களெல்லாம் ஒத்துப்போக வேண்டிய அளவுகோலான நியமக் கண் ஆனாள்.

அதன்பிறகு கிளினிக் நாட்களில் மேல்லயத்து வாசலுக்கு வேன் வந்தது. சிங்கள டிரைவர் ஹோன் அடித்து, போவோம் அம்மா என்ற அர்த்தத்தில் "யமு அம்மே" என்று கூப்பிடுவான். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அவளைக் கொண்டுபோய், மிஷினுக்கு முன்னால் உட்காரவைத்து, காற்று அடித்துப் பார்ப்பார்கள். பதினாறு காட்டாத மிஷினை டெக்னீசியன் பின்பக்கம் திறந்து, பதினாறு காட்டும்வரை திருகி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். அவளுடைய காம்பராக் கதவில் 'நியமக் கண். தொந்தரவு செய்யக்கூடாது' என்று மூன்று மொழியிலும் பலகை அடித்தார்கள். தொந்தரவு செய்ய ஏற்கெனவே ஆள் இல்லை. இப்போது அதற்கு அரசாங்க உத்தரவும் ஆயிற்று.

"பார்த்தீங்களா, நம்ம கண்ணெல்லாம் ஒரு கண்ணான்னு கவர்மெண்டே போர்டு போட்டிருச்சு" என்று சர்மிளா பீலியில் சொன்னது நாகலெட்சுமி காதிலும் விழுந்தது.

கண்ணைப் பாதுகாக்க விதிகள் இருந்தன. வெங்காயம் உரிக்கக்கூடாது. விறகடுப்பு ஊதக்கூடாது. அழக்கூடாது, அழுதால் நியமம் நனைந்துவிடும். தவிர்க்க முடியாமல் அழவேண்டி வந்தால் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்வதானால் அவளுக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. வேனில் டிரைவர் அவளுக்குப் பாதி விளங்கும் சிங்களத்தில் தன் மனைவியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வருவான். வழியில் நிறுத்திப் பால் இல்லாத பிளேன்டியும் மீன் வைத்த மாலு பனிஸும் வாங்கித் தருவார்கள். "அம்மா சாப்பிட்டீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். போகிற இடத்திலெல்லாம் ஒரு நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்வாள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸின் கை எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பாடமாகிவிட்டது.

கொத்மலை நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மிஷின் அவள் கண்ணைப் பார்த்து முப்பத்திநாலு என்றது.

டெக்னீசியன் மறுபடி அடித்தான். முப்பத்திநாலு. மற்றக் கண்ணில் அதைவிட ஒன்று கூட.

"இந்த மிஷின் மோசம்" என்றார் சுதாகரன். "இரட்டிப்புக்கும் மேலே காட்டுகிறது. இத்தனை நாள் இங்கே எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியதோ."

டெக்னீசியன் திருகத் தொடங்கினான். மிஷின் லேசில் இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிப் பழகிய மிஷின் போலிருக்கிறது. கடைசியில் அதுவும் பதினாறுக்கு வந்தது.

"சேர்" என்றாள் நாகலெட்சுமி மெதுவாக. "அது சொன்னதுதான் சரியோ என்னமோ? எனக்கு ஓரமாத் தெரியிறதில்லைங்களே."

சுதாகரன் சிரித்தார். கோபப்படவில்லை. "அம்மா, கடையில் அரிசி நிறுக்கிறான். படிக்கல் எழுந்து நின்று, நான் சரியான எடைதானா என்று கேட்டால் வியாபாரம் நடக்குமா? நீங்கள் படிக்கல். நீங்கள் யோசிக்கவே கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை ஜீவராணி போன் எடுத்தாள். குவைத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்றும், இன்னும் இரண்டு வருசம் இருந்துவிட்டு வரலாமென்று ஒப்பந்தம் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். "நீங்கதான் இப்ப பெரிய ஆளாகிட்டீங்களேம்மா, வேன்லாம் வருதாமே. அப்புறம் என்னம்மா கவலை?"

"கவலை ஒண்ணும் இல்ல, நீ ஒடம்பப் பாத்துக்க" என்று நாகலெட்சுமி போனை வைத்தாள். கண் முட்டிக்கொண்டு வந்தது. விதி ஞாபகம் வந்தது. பிரிவுக்குப் போன் எடுத்து, அழுவதற்கு அனுமதி கேட்டாள். எதற்காக, எவ்வளவு நேரம், ஒரு கண்ணாலா இரண்டு கண்ணாலுமா என்று ஒரு பெண்குரல் விசாரித்துக் குறித்துக்கொண்டது. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றது. அதுவரை நாகலெட்சுமி முகத்தை அண்ணாந்து, கூரைத் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அனுமதி அடுத்த வாரம் வந்தது. அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வந்த அனுமதி வீணாகிறதே என்று முயன்றுகூடப் பார்த்தாள்.

பட்டிப்பொல பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக பிரேமினி என்ற இளம் டொக்டர் வந்திருந்தாள். அழுத்தம் சரியாக இருப்பவர்களைப் பார்க்கக்கூடாது என்ற விதி அவளுக்கு இன்னும் சொல்லப்படவில்லை. டெக்னீசியன் மிஷினைத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியைக் கூப்பிட்டு, ஒரு லென்ஸைப் பிடித்துக் கண்ணுக்குள் ஒளியடித்துப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து பேனா மாதிரி ஒரு சின்னக் கருவியை எடுத்து, கண் மரக்க மருந்து விட்டு, கருவிழியில் மெல்லத் தொட்டுத் தொட்டு அளந்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, உங்களுக்குப் பக்கத்துல வர்றவங்க தெரியுறாங்களா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "இல்லைங்க மிஸ். தெரியறதே இல்லைங்க."

"கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்பக் கூடியிருக்கு. அது நரம்பை அழுத்தி, ஓரத்துல இருந்து பார்வையைச் சாகடிச்சுக்கிட்டே வருது. நோவு இருக்காது, அதனால தெரியாது. போனது இனித் திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"அப்ப அது திமிர் இல்லைங்களே?"

"என்னது?"

"இல்லைங்க, கண்ணுதானே? திமிர் இல்லையே?"

பிரேமினிக்கு விளங்கவில்லை. "கண்தான்" என்றாள். நாகலெட்சுமி சிரித்தாள். கண் போகிறது என்று கேட்டுச் சிரித்த நோயாளியை அந்த டொக்டர் அதற்குமுன் பார்த்ததில்லை. சிரித்து முடித்த பிறகுதான், போனது திரும்பாது என்று சொன்னது அவளுக்குள் மெல்ல இறங்கியது.

பிரேமினி சொட்டுமருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்தாள். தினமும் இரண்டு கண்ணிலும் விட வேண்டும். விட்டால் அழுத்தம் இறங்கும்.

இறங்கும் என்று கேட்டதும் சுதாகரன் அவசரக் கூட்டம் கூட்டினார். நாகலெட்சுமியை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"மருந்து விட்டால் நியமம் மாறும். நியமம் மாறினால் மலைநாடு முழுவதும் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் பொய்யாகும்" என்றார். "ஒரு கண்ணுக்காக ஒரு மாகாணத்தின் அளவை மாற்ற முடியுமா? டொக்டருக்கு நோயாளியைப் பற்றி மட்டும்தான் கவலை. நாங்கள் நோயாளிகளைத் தாண்டி யோசிக்க வேண்டியவர்கள்."

பிரேமினி எழுந்தாள். "சேர், இவங்க கண்ணை வச்சுத் திருகின மிஷின்ல பார்த்தா, வியாதி இருக்கிறவங்களுக்கும் நோர்மல்னுதான் வரும்."

"நோர்மல் என்று வந்தால் அவர்கள் நோர்மல்தானே டொக்டர்?"

கூட்டம் ஒரு சமரசத்துக்கு வந்தது. இடது கண்ணுக்கு மருந்து விடலாம். அது நாகலெட்சுமியின் சொந்தப் பாவனைக்கு. வலது கண்ணை இருக்கிறபடியே விட்டுவிட வேண்டும், அது பிரிவுக்கு. சுதாகரன் இதை அறிவித்தபோது பெருந்தன்மையில் அவருக்கே குரல் தழுதழுத்தது. "யோசித்துச் சொல்லுங்கள் அம்மா. கட்டாயம் இல்லை. மருந்துதான் முக்கியமென்றால் வேன் இனி வராது, அவ்வளவுதான்."

அவள் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்று விடவில்லை. மறுநாளும் விடவில்லை. பார்வை போகும் என்று டொக்டர் சொன்னது மறக்கவில்லை. ஆனால் வேன் வராத கிளினிக் நாளை நினைத்துப் பார்த்தாள். வெறும் காம்பரா. ரேடியோ. மனுசருடைய கை படாத தலை. ஒரு கண்ணைக் கொடுத்தால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வேனை விடவும் மனசில்லை, கண்ணை விடவும் மனசில்லை. அப்படியே சில நாட்கள் போயின.

லயத்துச் சுவர் மெல்லியது. பேச்சு நின்றுபோனாலும் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் போகாது. ஒரு சாயந்தரம், ரொட்டி தட்டுகிற சத்தத்துக்கு இடையில், சர்மிளா தன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தலவலி மண்டையப் பொளக்குதுங்க. கண்ணு வலிக்குது. லைட்டப் பார்த்தா சுத்திவர வானவில் மாதிரி தெரியுது."

"டவுன் கிளினிக்குப் போனியே, என்ன சொன்னாங்க?"

"அழுத்தம் பதினாறாம். ஒண்ணும் இல்லையாம். வேலைக்குப் போகச் சொல்லிட்டாங்க."

நாகலெட்சுமி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த டவுன் மிஷினைத் திருகியபோது முன்னால் உட்கார்ந்திருந்தது அவள்தான். மாலு பனிஸ் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து அடுத்த வாசலில் நின்றாள். சர்மிளா கையில் மாவோடு எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இப்பத்தான் எங்க வாசல் தெரியுதோ?"

"சர்மிளா, அந்த மிஷின நம்பாத. அது என் கண்ண வச்சுத் திருகுனது. என் கண்ணு கெட்டுப்போன கண்ணு. ஒனக்கும் இருக்குது போல. பட்டிப்பொலப் பக்கம் ஒரு டொக்டர் மிஸ் இருக்காங்க, நாளைக்கே போகணும்."

"ஒங்க கண்ணு கெட்டுப்போச்சா?" சர்மிளா சிரித்தாள். "கவர்மெண்டு வேன் வந்து ஏத்திட்டுப் போற கண்ணு. மூணு பாஷையில போர்டு அடிச்ச கண்ணு. எனக்கு ஒரு வியாதி வந்தாக்கூட அதுலயும் ஒங்களுக்குப் பெரும வேணுமாக்கா?"

நாகலெட்சுமி வாசலைவிட்டு நகரவில்லை. பிறகு சொன்னாள். "நான் நேராப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். நீ என் பக்கத்துல வந்து நில்லு. ஒன் இஷ்டத்துக்குக் கைய ஆட்டு. எப்ப ஆட்டுறன்னு நான் சொல்றேன்."

சர்மிளா நம்பிக்கை இல்லாமல்தான் வந்தாள். காதுக்குப் பக்கத்தில் கையை நீட்டி ஆட்டினாள். நாகலெட்சுமி எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

சர்மிளா இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். விரலில் ஒட்டியிருந்த மாவு நாகலெட்சுமியின் கன்னத்தில் படும் தூரம். இமைகூட அசையவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டினாள். நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

"ஆட்டு சர்மிளா. ஏன் சும்மா நிக்கிற?"

சர்மிளாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"அன்னிக்கு வாசல்ல..." என்றாள்.

"ம்."

"தட்டு நீட்டினேனே."

"தெரியலடி. சத்தியமாத் தெரியல."

உள்ளே ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. சர்மிளா போகவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் பிரேமினியிடம் போனார்கள். சர்மிளாவுக்கு அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் கண் ஒரேயடியாகப் போயிருக்கும் என்று பிரேமினி சொல்லி, அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். லேசர் வைத்தார்கள். சர்மிளாவின் பார்வை முழுதாகத் தப்பியது. நாகலெட்சுமி அன்று ராத்திரியே இரண்டு கண்ணிலும் மருந்து விட்டுக்கொண்டாள்.

அடுத்த கிளினிக் நாளில் வேன் வந்தது. கொண்டுபோன இடத்தில், முன்பு திருகி ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின், மருந்தால் அழுத்தம் இறங்கியிருந்த அவள் கண்ணைப் பார்த்து மூன்று என்றது. சுதாகரன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம். பிரிவு மறுபடி மேல்லயத்துக்கு வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பலகையைக் கழற்றியது. "மனிதர்களை நம்பியது எங்கள் தவறு" என்று அவர் பேசினார். "ஒரு நியமம் சுகமடைய ஆசைப்பட்டால் நிர்வாகம் என்ன செய்ய முடியும்?"

பிரேமினியும் ஷாமிலாவும் சேர்ந்து விடாமல் முறையிட்டதில், மிஷின்களுக்கெல்லாம் துணி போட்டு மூடினார்கள். புது ரப்பர் கண் வருகிறதாம். அதுவரை பிரேமினியின் பேனாக் கருவிக்கு முன்னால்தான் வரிசை. சுதாகரன் பதவி உயர்வில் இரத்த அழுத்தப் பகுதிக்குப் போயிருக்கிறார். மாறாத கை ஒன்று தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சர்மிளா இப்போது பேசுகிறாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்த களைப்போடு சில சாயந்தரங்களில் வந்து, நாகலெட்சுமியின் தலையைப் பிடித்து மருந்து விட்டுவிட்டுப் போவாள். லயத்தில் மற்றவர்களுக்கும் அவள்தான் சொன்னாள். சிலர் நம்பினார்கள். சிலருக்கு, இத்தனை நாள் கோபமாக இருந்துவிட்டு இப்போது எப்படி வந்து பேசுவது என்ற கூச்சம். விலகியே இருந்து பழகிவிட்டது.

ஓரங்கள் திரும்பவில்லை. நடுவில் மிஞ்சியிருக்கிற வட்டத்தை வைத்துக்கொண்டு நாகலெட்சுமி கடைக்குப் போகிறாள், கோவிலுக்குப் போகிறாள். பனிமூட்டம் இறங்கிய நேரங்களில் அந்த வட்டமும் வெள்ளையாகிவிடும். அப்போது ஒற்றையடிப் பாதையில் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யாரையும் மறுபடி கடந்துபோய்விடக்கூடாது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பொதுவாகச் சொல்வாள்:

"நாகலெட்சுமி போறேங்க."

சிலசமயம் மூட்டத்துக்குள்ளிருந்து "போங்கக்கா" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் வராது. அங்கே யாரும் இல்லையா, இருந்தும் பேசவில்லையா என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு கருவியும் இல்லை. கொஞ்சநேரம் காது கொடுத்து நின்றுவிட்டு அடுத்த திருப்பத்துக்கு நடப்பாள்.